நாலு பேர் குறைந்த வகுப்பு

என் அண்ணி இன்பராணியை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். பாவம் என்று தோன்றுவதெல்லாம் அப்புறம். என் அண்ணன் கேப்ரியலைக் கட்டிக்கொண்டு அவர் சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் மாசாய்க்கு வந்த நாளிலிருந்து இந்த வரிசை மாறியதே இல்லை. கெட்ட மனுஷி என்று சொல்லிவிட முடியாது. எங்கள் மாதா கோயில் ஆட்களில் யாருக்குப் பிரசவம் என்றாலும் கோழி சூப்போடு போய் நிற்கும் முதல் ஆள் அவர்தான். ஆனால் ஒரு காரியத்தை மனதில் போட்டுக்கொண்டால், அந்த மாதாவே வந்து வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார்.

பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் சர்க்கிட் பலகைகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. முன்கூட்டியே பார்த்து ஒழுங்கு செய்துவிட்டால் கடைசியில் கோளாறு வராது என்பதை அங்கே கற்றுக்கொண்டு வந்தார். கற்றதைத் தொழிற்சாலையோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் ஒரே மகள் அபிகெயிலின் மேல் நடத்திப் பார்த்தார்.

ஆரம்பித்து வைத்தது திருச்செல்வம் சாரின் மகள். எங்கள் தாமான் குடியிருப்பில் மூன்றாவது வரிசையில் இருந்தார் சார். நில அலுவலகத்தில் பெரிய உத்தியோகம், படித்த குடும்பம். அந்தப் பெண் பள்ளியிறுதி எஸ்பிஎம் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கினாள். வாங்கியும் மெட்ரிகுலேஷன் காலேஜில் இடம் கிடைக்கவில்லை. அந்தக் காலேஜில் நுழைந்துவிட்டால் ஒரே வருடத்தில் பல்கலைக்கழகத்தின் வாசலுக்குப் போய்விடலாம். நுழையத்தான் நம் பிள்ளைகள் முட்டி மோத வேண்டும். அண்ணி துக்கம் விசாரிப்பதுபோலச் சேலை கட்டிக்கொண்டு சார் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் துக்கம் இல்லை, வெளிச்சம் இருந்தது.

“கிளாரிசா, பாத்தியா லா? அத்தன ஏ எடுத்து என்னா புண்ணியம்? ஒரு பந்தக்கூட தொடல அந்தப் பொண்ணு. ஒரு சங்கத்துல தலைவி இல்ல. டியூஷன், வீடு, டியூஷன், வீடு. கொக்கோ மார்க் எங்கேருந்து வரும்?”

கொக்கோ என்பது பாடத்துக்கு வெளியே விளையாட்டு, சங்கம், சீருடை அணி என்று பிள்ளைகள் சேர்த்துக்கொள்ளும் மதிப்பெண். மாவட்டத்துக்கு ஆடினால் இவ்வளவு, மாநிலத்துக்கு ஆடினால் இன்னும் அதிகம் என்று ஏறிக்கொண்டே போகும். பத்து ஏ வாங்கிய பெண்ணை அது கவிழ்த்துவிட்டது என்று அண்ணி முடிவுகட்டினார். நிஜமாகவே அதுதான் காரணமா என்று யாருக்குத் தெரியும்? காரணம் ஒன்று கையில் கிடைத்ததே அண்ணிக்குப் பெரிய நிம்மதி.

அபிகெயில் அப்போது தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு. அந்த வருடக் கடைசியில் ஒருநாள் அண்ணன் சிங்கப்பூர் வேலை முடிந்து, மோட்டாரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நிற்கிறார், அண்ணி விஷயத்தை உடைத்தார். மகளை இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் மெர்சிங் என்ற கடலோரச் சின்ன ஊரில் படிக்க வைக்கப் போகிறாராம்.

“மெர்சிங்கா? அங்க நமக்கு யாரு இருக்கா?” என்றார் அண்ணன்.

“யாரும் இல்ல. அதான் வேணும். இங்க ஓட்டப்பந்தயத்துல நின்னா இவளுக்கு முன்னால நூறு பேரு ஓடுவாங்க. அங்க போனா இவதான் மாவட்டம், இவதான் மாநிலம். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரன்னு சும்மாவா சொன்னாங்க?”

“பெத்த பிள்ளைய நீங்களே இலுப்பைப்பூங்கிறீங்களே அண்ணி” என்றேன் நான்.

“அலமாக், நீ வேற. எல்லாத்துக்கும் ஒரு நொட்ட சொல்லாத. எம்பொண்ணு டாக்டராவணும். அதுக்கு மெட்ரிக் கெடைக்கணும். மெட்ரிக்குக்கு என்னா வேணுமோ அத இப்பவே செய்யணும். அவ்ளோதான்.”

முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதை என்று அண்ணன் முணுமுணுத்தார். முணுமுணுப்பதைத் தவிர அவர் என்றைக்கும் எதையும் செய்ததில்லை. தாமான் வீட்டை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டார்கள். அண்ணன் துணிமணியோடு என் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தார். அண்ணி தொழிற்சாலையில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, மெர்சிங் படகுத்துறை ஜெட்டியில் தீவுகளுக்குப் போகும் படகுக்கு டிக்கெட் கொடுக்கும் முகப்பில் வேலை பிடித்துக்கொண்டார். ஒரு பெண்பிள்ளையின் கொக்கோவுக்காக ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்து வாழ்ந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் ஆட்கள் சிரிக்கமாட்டார்கள், எந்தப் பள்ளி என்று விசாரிப்பார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, முதல் மூன்று வருடம் அண்ணியின் கணக்கு பிசகவே இல்லை. ஊருக்கு வெளியே இருந்த அந்தச் சின்னப் பள்ளியில் அபிகெயில் நூலகச் சங்கத்துக்குத் தலைவி ஆனாள். இரும்புக் குண்டுகளை எறிந்து ஆடும் பெட்டாங் என்ற விளையாட்டை அண்ணி எங்கிருந்தோ தேடிப் பிடித்தார். அதை ஆட அந்த வட்டாரத்தில் ஆளே இல்லை என்பதுதான் அதன் விசேஷம். “அத்தை, பெரிய சைஸ் கோலி” என்று அபிகெயில் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மாவட்டத்துக்கும் ஆடிவிட்டாள். படிப்பிலும் முதலிடம். அண்ணி தொலைபேசியில் பேசும்போது அவர் குரல் ஒரு படி மேலே நின்று பேசுவதாக இருக்கும்.

மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, முடியும்போது பள்ளித் தலைமையாசிரியை அண்ணியை அழைத்து அனுப்பினார். அடுத்த வருடம் நான்காம் படிவத்தில் சயன்ஸ் வகுப்பு நடக்காதாம். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் எடுக்க இந்த வருடம் போதிய பிள்ளைகள் பெயர் கொடுக்கவில்லை. நாலு பேர் குறைகிறது. வேண்டுமானால் உங்கள் மகள் கணக்கியல் எடுக்கலாம் என்று அந்த அம்மா நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார்.

அண்ணி என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். எடுத்ததுமே சொன்னார்: “விளையாட்டப் பாத்தேன், சங்கத்தப் பாத்தேன். வகுப்பு இருக்குமான்னு பாக்கலையே, கிளாரிசா.”

ஆளில்லாத ஊரைத் தேடிப் போனவர், ஆளில்லாவிட்டால் வகுப்பும் இருக்காது என்பதை யோசிக்கவில்லை. எனக்கு வாயில் வந்ததை அன்று விழுங்கிக்கொண்டேன். “திரும்பி வந்துடுங்க அண்ணி. இங்க வந்து சேத்துடலாம்” என்று மட்டும் சொன்னேன்.

“வந்தா? நாலாம் படிவம், அஞ்சாம் படிவம், இந்த ரெண்டு வருசந்தான் கொக்கோவுக்கு முக்கியம். மாசாயில இவள யாரு மாநிலத்துக்கு எடுப்பா? மூணு வருசமும் தண்ணியில போயிடும். உரல்ல தலைய விட்டாச்சி, இனிமே ஒலக்கைக்குப் பயந்தா ஆவுமா?”

“அப்ப என்னா செய்யப் போறீங்க?”

“நாலு பேருதான கொறையிது? நான் கொண்டாறேன்.”

கொண்டுவந்துவிட்டார். அதுதான் அண்ணி. காப்பிக்கடைச் சீனரின் இரட்டைப் பையன்கள் இருவரையும், அவர்கள் அம்மாவிடம் மூன்று நாள் காலையில் காப்பி குடித்தே பேசி மடக்கினார். பள்ளி அலுவலகத்தில் வேலை செய்த மலாய்க்கார அம்மாவின் மகளை, தினமும் சாயங்காலம் தன் வீட்டில் இலவசமாகப் பாடம் நடக்கும் என்று சொல்லிச் சேர்த்தார். பாடம் நடத்தப்போவது யார் என்று கேட்டதற்கு அபிகெயிலைக் காட்டினார். அபிகெயிலுக்கே அது அப்போதுதான் தெரியும்.

நாலாவது ஆள் லோஷினி. அவள் வீட்டுக்குப் போனபோது நானும் கூட இருந்தேன், பள்ளி விடுமுறைக்கு அண்ணனோடு போயிருந்தேன். லோஷினியின் அப்பா காளிதாஸ் ஜெட்டியில் படகுகளுக்குச் சாமான் ஏற்றுகிறவர், அண்ணிக்கு அங்கேதான் பழக்கம். மனைவி தீவு ஹோட்டலில் சமையற்கட்டு வேலை, மாதத்தில் இரண்டு முறை வருவார். வீட்டைப் பார்த்துக்கொண்டது லோஷினிதான். நாங்கள் போனதும் பண்டான் இலை வாசத்தோடு ஒரு கேக்கை வெட்டி வைத்தாள். மாசாயில் எந்தக் கடையிலும் நான் அப்படி ஒன்றைத் தின்றதில்லை.

அவளுக்குத் தொழிற்கல்லூரியில் கேக், ரொட்டி செய்யும் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. மூன்றாம் படிவம் முடித்ததும் சேர வேண்டும், விடுதியில் தங்க வேண்டும். அப்பாவும் மகளும் அந்தச் சந்தோஷத்தில் இருந்தார்கள்.

“கேக்கா?” என்றார் அண்ணி. “அண்ணே, பொம்பளப்பிள்ளைய எங்கியோ ஹாஸ்டல்ல விட்டு மாவு பெசைய வைக்கப் போறீங்களா? இவ மூளைக்கு இவ சயன்ஸ் படிக்கணும். நாளைக்கி நர்ஸாவலாம், டாக்டராவலாம். எம்பொண்ணு கூடவே இருந்து சொல்லிக் குடுப்பா. நான் பொறுப்பு.”

காளிதாஸ் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “டாக்டரா? நம்ம பிள்ளையா?” என்று கேட்டார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. லோஷினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர், “அக்கா சொன்னா சரிதாம்மா” என்று சொல்லிவிட்டார்.

காரில் ஏறியதும் நான் கத்திவிட்டேன். “உங்க பிள்ளைக்கு நாற்காலி வேணும்னா அடுத்த வீட்டுப் பிள்ளைய இழுத்துப் போடுவீங்களா?” என்று கேட்டேன். அண்ணி அசையவில்லை. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று எனக்கே பழமொழி சொன்னார். அண்ணன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார், வழக்கம்போல முணுமுணுத்தார்.

சயன்ஸ் வகுப்பு திறந்தது. அன்றைக்கு ஆரம்பித்தது அண்ணிக்குச் சனி. அந்த நால்வரில் ஒருவர் விலகினாலும் வகுப்பைக் கலைத்துவிடுவார்கள் என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. பையன்களுக்குக் காய்ச்சல் என்றால் இவர் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். மழை பெய்தால் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் கார் ஹாரன் அடித்து ஏற்றிக்கொண்டு போனார். சாயங்காலம் நாலு பேருக்கும் மீகோரெங் நூடுல்ஸ் கிண்டி வைப்பார். அபிகெயில் நடுவில் உட்கார்ந்து, காலையில் தானே பாதி புரிந்துகொண்ட பாடத்தை அவர்களுக்குச் சொல்லுவாள். அவர்கள் போன பிறகுதான் அவளுக்கு அவள் புத்தகம். ஞாயிற்றுக்கிழமை பெட்டாங் பயிற்சி. தொலைபேசியில் அந்தப் பிள்ளையின் சிரிப்பு நின்று போய்விட்டது. “அத்தை, தூக்கம் வருது” என்பதைத்தான் அதிகம் சொன்னாள்.

லோஷினிக்கு இயற்பியல் ஏறவே இல்லை. மூன்றாவது மாதம் பள்ளிக்கு வரமாட்டேன் என்று வீட்டில் படுத்துவிட்டாள். அண்ணி ஜெட்டிக்குப் போய், சாமான் ஏற்றிக்கொண்டிருந்த காளிதாஸைப் பிடித்தார். “நல்லா படிக்கிற பிள்ளண்ணே. சோம்பேறித்தனம். நீங்க கண்டிக்காம விட்டா வாழ்க்கையே போயிடும்” என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் லோஷினி வகுப்பில் இருந்தாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது என்று அபிகெயில் அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள்.

நான் அண்ணியைக் கூப்பிட்டுக் கேட்டேன். “அப்பன் அடிக்காம வளந்த பிள்ள ஊர்ல உண்டா?” என்றார். தொலைபேசியை வைத்துவிட்டு ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. ஆனால் அடுத்த மாதம் நானேதான் பேசினேன். அவர் குரல் அப்படி ஆகிவிட்டிருந்தது. ராத்திரி முழுக்க வகுப்பு கலைந்துவிட்டதாகக் கனவு வருகிறது என்றார். பிள்ளைகள் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று தினமும் பள்ளி வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறாராம்.

அபிகெயில் ஐந்தாம் படிவத்தில் ஜொகூர் மாநிலத்துக்குப் பெட்டாங் ஆடினாள். அண்ணி ஆசைப்பட்டது அத்தனையும் நடந்தது, ஒன்றைத் தவிர. எஸ்பிஎம் முடிவு வந்தபோது இயற்பியலிலும் கூடுதல் கணிதத்திலும் ஏ நழுவியிருந்தது. கொக்கோ தூக்கிவிடும், கொக்கோ தூக்கிவிடும் என்று அண்ணி ஜெபமாலை உருட்டுவதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். தூக்கிவிடவில்லை. மெட்ரிக்கில் இடம் இல்லை என்று இணையத்தில் தெரிந்த அன்று அண்ணன் சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் மோட்டாரில் இருந்தார். சனிக்கிழமை காலையில்தான் நாங்கள் இரண்டு பேரும் மெர்சிங் போய்ச் சேர்ந்தோம்.

அண்ணி தலைகூட வாராமல் நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்கடி விட்டேன்? ஒவ்வொண்ணும் பாத்துப் பாத்துதான செஞ்சேன். எங்க விட்டேன் சொல்லு” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. கட்டிக்கொண்டு நானும் அழுதேன். ஐந்து வருடம், புருஷன் ஒரு ஊர், பெண்டாட்டி ஒரு ஊர் என்று கிடந்தது இதற்கா என்று நெஞ்சு எரிந்தது.

“ஆறாம் படிவம் இருக்குல்ல. எஸ்டிபிஎம் பரீட்ச எழுதட்டும், அப்பிடியும் டாக்டருக்குப் போலாம்” என்றார் அண்ணன். முணுமுணுக்காமல் அவர் பேசி நான் கேட்டது அப்போதுதான்.

அண்ணிக்கு அது காதில் விழவில்லை. “அந்த நாலு பேராலதான்” என்றார். “எம்பிள்ளையோட நேரத்த அதுங்க தின்னுட்டுதுங்க.”

அபிகெயில் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். “அந்த நாலு பேர நான் கூப்பிடலம்மா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் காளிதாஸ் வந்து நின்றார். பின்னால் லோஷினி. அவர் கையில் ஒரு பை கெம்போங் மீன். காலெல்லாம் கடல் சேறு என்று சொல்லி உள்ளே வரவில்லை.

“மொதல்லியே வந்திருக்கணும்க்கா, வேல விடல. பாப்பாவுக்கு எந்த ஊரு காலேஜு கெடச்சிச்சி?”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அவர் கவலை அவருக்கு.

“நம்ம பிள்ளைக்கு மூணு பாடம் போயிடுச்சிக்கா. மத்ததுல பாஸ். அவ மேல தப்பு சொல்லமாட்டேன், உக்காந்து படிச்சா, நான் பாத்தேன். கேக்கு காலேஜுல கேட்டேன், வயசு தாண்டிடுச்சி, இப்ப சேக்கமாட்டாங்களாம். சரி, அது போவுது. டாக்டராவறதுக்கு இனிமே என்னா செய்யணும், நீங்களே சொல்லுங்க. இந்த வழியெல்லாம் ஒங்களுக்குத்தான் தெரியும்.”

அண்ணி பழக்க தோஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஒண்ணு செய்யலாம்ண்ணே” என்று ஆரம்பித்தார். அபிகெயில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணியின் பேச்சு அங்கேயே நின்றது. முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

“அண்ணே, ஒங்க பொண்ணு டாக்டராவான்னு நெனச்சி நான் ஒங்க வீட்டுக்கு வரல. வகுப்புக்கு நாலு பேரு கொறஞ்சிச்சி. ஆள் சேரலன்னா எம்பொண்ணுக்கு வகுப்பு இல்ல. அதுக்குத்தான் வந்தேன். அதுக்கு மட்டுந்தான்.”

காளிதாஸுக்கு உடனே விளங்கவில்லை. வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்து லேசாகச் சிரித்தார். பிறகு என் முகத்தையும் அண்ணன் முகத்தையும் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

“எனக்குத் தெரியும் ஆன்ட்டி” என்றாள் லோஷினி.

எல்லாரும் அவளைப் பார்த்தோம். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “வகுப்பு தொறந்த வாரமே ஸ்கூல்ல பேசிக்கிட்டாங்க. அப்பாதான் ஜெட்டியில எல்லார்கிட்டயும், எம்பொண்ணு டாக்டருக்குப் படிக்குதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. அவரு அவ்ளோ சந்தோசமா இருந்து நான் பாத்ததே இல்ல. எப்பிடி சொல்றதுன்னு தெரியல.”

காளிதாஸ் மகள் பக்கம் திரும்பினார். “தெரிஞ்சிக்கிட்டேவாம்மா எங்கையால அடி வாங்குன?” என்று கேட்டார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். லோஷினி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உள்ளே வாருங்கள் என்று அழைக்க எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.